செவர்ன் ஆறு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் தேம்ஸ் நதியைப் பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பதில் எழுதும்போது, "இங்கிலாந்தின் ஆறு என்றதும் தேம்ஸ் ஒன்றையே நினைப்பது தலைநகரம் செய்யும் மயக்கம், நீளத்தில் மூத்த ஆறு செவர்ன்தான்" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதும் செவர்னுக்கே.

கும்பகோணம் வாசகி: செவர்ன் வேல்ஸில் பிறப்பதாக என் மகனின் அட்லஸ் காட்டுகிறது. அதை இங்கிலாந்தின் ஆறு என்று எப்படி எழுதினீர்கள், ஐயா?

அட்லஸ் சொல்வதுதான் சரி. என் வரியில் அவசரம் இருந்தது. செவர்ன் வேல்ஸின் நடுப்பகுதியில் உள்ள பிளின்லிமன் மலைச்சரிவில், கடல்மட்டத்துக்குச் சுமார் 610 மீட்டர் மேலே, புல்லும் கருஞ்சேறும் மண்டிய ஈரநிலத்தில் ஒரு கசிவாகத் தொடங்குகிறது. அங்கிருந்து லானிட்லோஸ், நியூடவுன், வெல்ஷ்பூல் ஆகிய வேல்ஸ் ஊர்களைக் கடந்து இங்கிலாந்துக்குள் நுழைந்து, ஷ்ரூஸ்பரி, பிரிட்ஜ்னார்த், வூஸ்டர், டியூக்ஸ்பரி, கிளாஸ்டர் என்று வரிசையாக நகரங்களைத் தொட்டுக்கொண்டு போய், அகன்ற கழிமுகமாக விரிந்து பிரிஸ்டல் கால்வாய் என்று வழங்கும் கடற்பகுதியில் கலக்கிறது. மொத்த நீளம் 354 கிலோமீட்டர்; தேம்ஸைவிடச் சுமார் எட்டு கிலோமீட்டர்தான் அதிகம். பிறப்பு வேல்ஸில், வாழ்வின் பெரும்பகுதி இங்கிலாந்தில், கழிமுகத்தில் ஒரு கரை அவர்களுக்கு, மறுகரை இவர்களுக்கு என்று சொல்லியிருந்தால் தங்கள் மகனிடம் நான் அகப்பட்டிருக்க மாட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிளின்லிமனிலிருந்து மேற்கே பார்த்தால் இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில் கடல் இருக்கிறது. அதே மலையில் பிறக்கும் ரைடல் என்ற சிற்றாறு நேராக அங்கே போய் அபரிஸ்ட்வித் நகரில் கடலைச் சேர்ந்துவிடுகிறது. செவர்ன் அதற்கு முதுகைக் காட்டிக் கிழக்கே புறப்பட்டு, வில்லைப்போல் வளைந்து சுற்றிக்கொண்டு வருகிறது. வேல்ஸ் மக்கள் இதற்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். மலைக்கு மூன்று பெண்கள். கடலுக்குப் போகும் வழியை அவரவர் தேர்ந்துகொள்ளலாம் என்றபோது ஒருத்தி மிகக் குறுகிய வழியையும், வை என்பவள் மிக அழகான வழியையும், செவர்ன் மனிதர் வாழும் ஊர்களின் வழியையும் கேட்டுப் பெற்றார்களாம். பிரிந்துபோன வை ஆறு கடைசியில் செப்ஸ்டோவுக்குக் கீழே வந்து செவர்னின் கழிமுகத்திலேயே விழுகிறது என்பதால் கதைக்கு நல்ல முடிவும் கிடைத்துவிடுகிறது.

மதுரை வாசகர் (ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்): ஷ்ரூஸ்பரி வரை வடகிழக்காகச் செல்லும் ஆறு, அதன்பின் தென்கிழக்காகத் திரும்பி ஒரு குறுகிய பள்ளத்தாக்கைக் குடைந்து செல்வதற்குக் காரணம் என்ன?

பனிக்காலமே காரணம், ஆனால் அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதில் கருத்து மாறியிருக்கிறது. மேல் செவர்ன் ஒரு காலத்தில் வடக்கே ஓடி, டீ ஆற்றின் பக்கமாக ஐரிஷ் கடலைச் சேர்ந்தது என்பதும், கடைசிப் பனிக்காலத்தில் வடக்கிலிருந்து வந்த பனிப்பாளம் அந்த வழியை அடைத்ததால் நீர் தேங்கி ஒரு பெரும் ஏரி உருவாயிற்று என்பதும், அந்த ஏரி தென்கிழக்கு விளிம்பில் வழிந்து பாறையை அறுத்ததால் இன்றைய அயர்ன்பிரிட்ஜ் பள்ளத்தாக்கு பிறந்தது என்பதும் நெடுங்காலம் பாடப்புத்தகங்களில் இருந்த விளக்கம். புவியியல் அறிஞர் சார்லஸ் லாப்வொர்த் நினைவாக அந்த ஏரிக்கு லாப்வொர்த் ஏரி என்று பெயர்கூட இட்டுவிட்டார்கள். பனிப்பாளத்தின் அடியிலேயே பேரழுத்தத்தோடு ஓடிய உருகுநீர்தான் பள்ளத்தாக்கை வெட்டியது என்பது பின்னர் வந்த கருத்து. எந்த விளக்கத்தை ஏற்றாலும், பனி விலகிய பிறகு ஆறு பழைய வழிக்குத் திரும்பவில்லை.

அந்தத் திருப்பத்தின் விளைவு புவியியலோடு நிற்கவில்லை. புதிதாக அறுக்கப்பட்ட பள்ளத்தாக்கின் இரு சுவர்களிலும் நிலக்கரி, இரும்புக்கல், சுண்ணாம்புக்கல், உலைக்கு வேண்டிய செங்கற்களிமண் எல்லாம் அடுக்கடுக்காக வெளியே தெரிந்தன. அவற்றை ஏற்றிச் செல்ல ஆறும் காலடியிலேயே இருந்தது. நிலவியல் கணக்கில் இளம் பள்ளத்தாக்கு என்பதால் அதன் சரிவுகள் இன்னும் நிலைகொள்ளவில்லை என்பது மறுபக்கம். 1952-இல் ஜாக்ஃபீல்டு என்ற கரையோர ஊரில் நிலம் நழுவி, ஒரு வரிசை வீடுகளே அழிந்தன.

சிவகாசி வாசகி: செவர்ன் என்ற பெயருக்கு என்ன பொருள்?

ரோமானியர் சாப்ரினா என்றார்கள், வேல்ஸ் மொழியில் இன்றும் ஹாவ்ரென், ஆங்கிலத்தில் செவர்ன். மூன்றும் ஒரே பழைய பெயரின் உருவங்கள். தந்தையின் முதல் மனைவியால் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்ட ஓர் இளவரசியின் பெயரே ஆற்றுக்கு ஆயிற்று என்று 12-ஆம் நூற்றாண்டின் அரசர் கதை ஒன்று கூறுகிறது. பெயர் முதலில் வந்தது, இளவரசி பிறகு வந்தாள் என்றே நான் நினைக்கிறேன். உலகெங்கும் ஊர்ப்பெயர்க் கதைகள் இப்படித்தான் பிறக்கின்றன.

சேலம் வாசகர்: உலகின் முதல் இரும்புப் பாலம் இந்த ஆற்றின் மீதுதான் உள்ளது என்கிறார்களே. அங்கே ஏன் கட்டினார்கள்?

வார்ப்பிரும்பால் கட்டப்பட்ட முதல் பெரிய பாலம் என்று சொன்னால் பிழை இராது. தாங்கள் கேட்கும் 'ஏன் அங்கே' என்பதற்கு எழுபது ஆண்டுகள் பின்னே போக வேண்டும். பள்ளத்தாக்கின் பக்கத்தில் கோல்புரூக்டேல் என்ற இடத்தில் 1709-இல் ஆபிரகாம் டார்பி என்பவர், அதுவரை மரக்கரியால் உருக்கப்பட்டு வந்த இரும்பை, நிலக்கரியைச் சுட்டு எடுத்த கோக் கரியால் ஊதுலையில் உருக்கிக் காட்டினார். அவர் வார்த்து விற்றவை பீரங்கிகள் அல்ல. அடுப்பில் வைக்கும் வயிறு பருத்த இரும்புப் பானைகள். காடு அழிந்துகொண்டிருந்த நாட்டில், இரும்பு இனி மரத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை என்ற நிலைக்கு அந்தப் பானைகளே முதல் அடி எடுத்துக்கொடுத்தன. குவேக்கர் சமயக் குழுவைச் சேர்ந்த அந்தக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறையில், அதே பெயர் கொண்ட பேரன் காலத்தில், பாலம் வந்தது.

பள்ளத்தாக்கில் உலைகளும் சுரங்கங்களும் பெருகியபின் இரு கரைகளையும் இணைப்பது தேவையாயிற்று. ஆனால் ஆறு அப்போது நாட்டின் மிகச் சுறுசுறுப்பான சரக்குப் பாதைகளுள் ஒன்று. பாய்மரம் நாட்டிய 'ட்ரோ' என்ற தட்டையான படகுகள் கீழே தடையின்றிச் செல்ல வேண்டும். நடுவில் தூண் நாட்டினால் வெள்ளத்தில் அது தாங்காது. ஆகவே ஒரே உயர்ந்த வளைவு. தாமஸ் ஃபார்னால்ஸ் பிரிட்சர்டு என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார்; கட்டத் தொடங்கிய காலத்திலேயே, 1777-இல், அவர் இறந்துவிட்டார். 1779-இல் இரும்பு வளைவு ஆற்றின் குறுக்கே ஏறியது. 1781-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் பாலம் திறக்கப்பட்டது. இடைவெளி சுமார் 30 மீட்டர், இரும்பின் எடை சுமார் 378 டன், உறுப்புகள் ஏறத்தாழ 1,700.

என்னை மிகவும் கவர்வது அதன் மூட்டுகள். இரும்பில் பாலம் கட்டும் வழக்கமே இல்லாத காலமாதலால், அவர்கள் தச்சர்கள் மரத்தை இணைப்பதுபோலவே இரும்பையும் இணைத்தார்கள்: துளையில் நாக்கைச் செருகி, புறாவின் வால்போல் விரிந்த மூட்டு போட்டு, ஆப்பு அடித்து இறுக்கியிருக்கிறார்கள். பொருள் புதிது, கை பழையது. எவ்வளவு இரும்பு போதும் என்ற கணக்கும் யாரிடமும் இல்லை. ஆகவே தேவைக்கு மேலேயே போட்டார்கள். 1795 பிப்ரவரியில் வந்த பெருவெள்ளத்தில் செவர்னின் பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேதமடைந்தபோது இது அசையாமல் நின்றதால், அந்த வீண்செலவு ஒரே நாளில் விளம்பரமாக மாறிவிட்டது. பாலத்தைக் கட்டிய பேரன் டார்பிக்கு மட்டும் அதனால் பயன் இல்லை. பாலச் செலவின் கடன் வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது.

சுங்கக் கட்டணப் பலகை இன்றும் அங்கே இருக்கிறது. படைவீரர் பணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டணம் செலுத்த வேண்டும், அஞ்சல் வண்டிக்கும் விலக்கு இல்லை, அரச குடும்பத்துக்கும் விலக்கு இல்லை என்று அது அறிவிக்கிறது. 1934-இல் வாகனங்கள் நிறுத்தப்பட்டன. நடந்து செல்வோரிடம் 1950 வரை கட்டணம் வாங்கினார்கள். 1986-இல் பள்ளத்தாக்கு முழுவதும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பாலத்தைப் பாடுவோர் மறந்துவிடுகிற ஒரு கூட்டம் உண்டு. ஆற்றின் ஓட்டத்துக்கு எதிராக அந்தப் படகுகளைக் கயிறு கட்டி இழுத்தவர்கள் மனிதர்கள். கரையோரம் குதிரைப் பாதை அமைந்தது 1800-ஐ ஒட்டித்தான். அதுவரை, தொழிற்புரட்சியின் சரக்கு மேலேறியது தோளில் வார் மாட்டிய கூலியாட்களின் காலடியில். 1862-இல் பள்ளத்தாக்குக்கு ரயில் வந்தபின் படகுத் தொழில் தேய்ந்து போயிற்று.

ஆற்காடு வாசகர்: ராபர்ட் கிளைவ் இந்த ஆற்றங்கரைக்காரர் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

கிட்டத்தட்ட உண்மை. கிளைவ் 1725-இல் பிறந்தது ஷ்ராப்ஷயரில், மார்க்கெட் டிரேட்டன் அருகே. அது செவர்ன் கரை அல்ல. ஆனால் 1744-இல் சென்னைக்கு எழுத்தராக வந்து, 1751-இல் தங்கள் ஊர்க் கோட்டையில் முற்றுகையைத் தாங்கிப் பெயர் பெற்று, பிளாசிக்குப் பின் பெருஞ்செல்வத்தோடு திரும்பியவர், அந்த மாவட்டத்தின் தலைநகரான ஷ்ரூஸ்பரிக்கு நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஒருமுறை மேயராகவும் இருந்தார். செவர்ன் ஏறத்தாழ முழு வட்டமாகச் சுற்றிவந்து தீவுபோல் ஆக்கியிருக்கும் நகரம் அது. அதன் சதுக்கத்தில் 1860-இல் வைத்த கிளைவ் சிலை இப்போதும் நிற்கிறது. 2020-இல் அதை அகற்றக் கோரி மனுக்கள் வந்தபோது உள்ளாட்சி மன்றம் மறுத்துவிட்டது. அதே நகரில், ஆற்றைப் பார்த்த மேட்டு வீடு ஒன்றில், 1809-இல் சார்லஸ் டார்வின் பிறந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஷ்ரூஸ்பரிக்கு நியாயம் செய்தவனாவேன்.

இன்னும் நெருங்கிய தொடர்பு மேலே வெல்ஷ்பூலில் இருக்கிறது. கிளைவின் மகன் எட்வர்டு, 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநராக இருந்தவர். அவர் மணந்த ஹென்ரியெட்டாவின் குடும்பச் சொத்து போவிஸ் கோட்டை. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் எடுத்துச் செல்லப்பட்ட திப்பு சுல்தானின் பூவேலை அச்சிட்ட பருத்திக் கூடாரம் இன்று அந்தக் கோட்டையில்தான் உள்ளது. செவர்ன் பள்ளத்தாக்கைப் பார்த்த ஒரு மேட்டில், காவிரியின் தீவிலிருந்து போன கூடாரம்!

திருநெல்வேலி வாசகர்: செவர்னில் கடல் அலை ஆற்றுக்குள் புகுந்து எதிர்த்திசையில் ஓடுமாமே. அது எப்படி நிகழ்கிறது?

ஆங்கிலத்தில் அதை 'போர்' என்பார்கள். நம் போரும் அன்று, சலிப்பைக் குறிக்கும் சொல்லும் அன்று. அலை என்று பொருள்படும் பழைய நோர்ஸ் மொழிச் சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது.

இதற்கு இரண்டு காரணங்கள் சேர வேண்டும். ஒன்று, கடல்நீரின் ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாக இருப்பது. செவர்ன் கழிமுகத்தில் நீர் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இடையிலான உயர வேறுபாடு உச்சநாட்களில் சுமார் 14 மீட்டர். உலகிலேயே மிகப் பெரிய ஏற்ற இறக்கம் உள்ள இடங்களுள் அதுவும் ஒன்று. நாலு மாடிக் கட்டட உயரத்துக்கு நீர் ஏறுகிறது என்றால், ஆறு மணி நேரத்துக்குள் அதே அளவு இறங்கி, கண்ணுக்கெட்டிய தூரம் சேற்றுவெளியை விட்டுச் செல்கிறது என்றும் பொருள். இரண்டாவது, கழிமுகம் புனலின் வடிவத்தில் அமைந்திருப்பது. ஏவன்மத் அருகே எட்டு கிலோமீட்டர் அகலமுள்ள நீர்ப்பரப்பு, லிட்னி அருகே ஒன்றரை கிலோமீட்டர் அளவாகி, மின்ஸ்டர்வொர்த் ஊரை அடையும்போது நூறு மீட்டருக்கும் குறைவாகிவிடுகிறது; ஆழமும் அதற்கேற்பக் குறைகிறது. அட்லாண்டிக்கிலிருந்து உள்ளே தள்ளப்படும் நீர் பக்கவாட்டில் விரியவும் இடமின்றி, கீழே இறங்கவும் இடமின்றி, மேலே எழுந்து ஒரு படிக்கட்டாகி, ஆற்றின் ஓட்டத்தை மிதித்துக்கொண்டு கிளாஸ்டர் வரை செல்கிறது.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒன்று முதல் மூன்று நாட்கள் கழித்து இது வலுவாக வரும். இரவும் பகலும் சமமாகும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி மிகப் பெரிதாக இருக்கும். மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் வேகம், பெரிய அலைக்கு ஆள் உயரம். 1966 அக்டோபரில் 2.8 மீட்டர் உயரம் பதிவாகியிருக்கிறது. எந்த நாளில், எத்தனை மணிக்கு, எவ்வளவு பெரிதாக வரும் என்று ஆண்டு முழுவதற்கும் அட்டவணை வெளியிடுகிறார்கள். பஞ்சாங்கத்துக்குப் பழகிய நமக்கு அது புதுமையாகத் தோன்றாது. ஆனால் மேலிருந்து வரும் வெள்ளமும் காற்றின் திசையும் அட்டவணைக்குக் கட்டுப்படுவதில்லை.

முதலில் தூரத்து இரைச்சல். பிறகு வளைவில் வெண்ணிற விளிம்பு. அது கடந்து சென்ற பின் ஆறு முழுவதும் மரக்கிளைகளையும் நுரையையும் சுமந்து மலையை நோக்கி ஓடும் காட்சி. இந்த மூன்றாவதைப் பார்க்காமல் பலர் அலை போனதும் காரில் ஏறிவிடுகிறார்கள். என் கருத்தில் அலையைவிட வியப்பானது அதுதான். 1955 ஜூலையில் ஜாக் சர்ச்சில் என்ற ராணுவ அதிகாரி பலகை ஒன்றின்மீது நின்று இந்த அலையில் சறுக்கிச் சென்றார். அதன்பின் ஒவ்வொரு பெரிய அலைக்கும் சறுக்கு வீரர்கள் கரையில் காத்திருக்கிறார்கள். சீனாவின் கியான்டாங், அமேசான், நம் நாட்டில் கொல்கத்தாவைத் தொட்டு ஓடும் ஹூக்ளி ஆகியவற்றிலும் இத்தகைய அலை உண்டு.

தூத்துக்குடி வாசகி: இந்த ஆற்றில் என்ன மீன் கிடைக்கும்?

சால்மன் உண்டு, ஆனால் வரலாற்றில் இடம்பிடித்தவை விலாங்கும் லாம்ப்ரேயும். லாம்ப்ரே என்பது தாடையில்லாமல் வட்ட வாயால் ஒட்டிக்கொள்ளும், பாம்பு வடிவப் பழைய உயிரினம். மருத்துவர் தடுத்தும் கேளாமல் அதை உண்டதால் 1135-இல் முதலாம் ஹென்றி மன்னர் இறந்தார் என்று வரலாறு எழுதியோர் கூறுகின்றனர். அப்படியிருந்தும் கிளாஸ்டர் நகரம் கிறிஸ்துமஸ்தோறும் அரசருக்கு, லாம்ப்ரேயை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை' என்ற பண்டத்தை அனுப்பும் வழக்கத்தை 1836 வரை விடவில்லை. 2012-இல் இரண்டாம் எலிசபெத் அரசியின் வைர விழாவுக்கு அந்தப் பண்டத்தைச் செய்ய நினைத்தபோது, செவர்னில் அந்த இனம் பாதுகாக்கப்பட்டதாகிவிட்டதால் வட அமெரிக்கப் பேரேரிகளிலிருந்து வரவழைத்தார்கள்.

விலாங்குக் குஞ்சுகள் சர்காசோ கடலில் பிறந்து, அட்லாண்டிக்கைக் கடந்து, கண்ணாடிபோல் நிறமற்ற உடலோடு வசந்த கால இரவுகளில் கடல் ஏற்றத்தோடு ஆற்றுக்குள் வருகின்றன. கிளாஸ்டர் பக்கத்து மக்கள் விளக்கு வைத்துக் கைவலையால் அவற்றை அள்ளி, பன்றி இறைச்சியோடும் முட்டையோடும் பொரித்து உண்டார்கள். ஐரோப்பிய விலாங்கு இன்று அழியும் விளிம்பில் இருப்பதால் ஏழையின் அந்த உணவு விலையுயர்ந்த சரக்காகி, கடும் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டுவிட்டது.

கடலூர் வாசகர்: வெள்ளம் வருவதுண்டா?

அடிக்கடி. வூஸ்டர் பேராலயத்துக்குக் கீழே ஆற்றுவாயில் சுவரில், 17-ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த வெள்ளங்களின் உயரங்களைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். 1947 மார்ச்சில் மலைப்பனி ஒரேயடியாக உருகி வந்தது. 2007 ஜூலையில் ஏவன் ஆறு செவர்னோடு கூடும் டியூக்ஸ்பரி தீவாகிவிட்டது. அதைவிடப் பெரிய துன்பம், நகரை அடுத்த மைத் குடிநீர் நிலையம் மூழ்கியதால் சுமார் மூன்றரை லட்சம் பேர் நாட்கணக்கில் குழாய்நீர் இன்றித் தவித்தது. சுற்றிலும் நீர், குடிக்க நீரில்லை என்ற நிலையைத் தங்கள் மாவட்டத்துக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கடல் பக்கமிருந்து வந்த பேரழிவு 1607 ஜனவரி 30-இல் நிகழ்ந்தது. கழிமுகத்தின் இரு கரைகளிலும் தாழ்நிலம் கடலுக்குள் போனது. இறந்தோர் 2,000 பேருக்கு மேல் இருக்கலாம் என்பது மதிப்பீடு. ஆழிப்பேரலை என்று சில அறிஞர்கள் வாதிட்டதுண்டு. உச்ச ஏற்றத்தோடு புயலும் சேர்ந்து வந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து, எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

கோவை வாசகர் (பொறியாளர்): கழிமுகத்தின் அடியில் செல்லும் ரயில் சுரங்கப்பாதை பற்றிச் சிறிது எழுத வேண்டுகிறேன்.

1873-இல் தொடங்கி 1886-இல் முடிந்த அந்தப் பாதையின் நீளம் ஏழு கிலோமீட்டர். தோண்டியவர்கள் அஞ்சியது தலைக்கு மேலிருந்த கடல்நீருக்கு. 1879 அக்டோபரில் அவர்களை மூழ்கடித்ததோ, கடலோடு தொடர்பே இல்லாத, வேல்ஸ் கரைப் பக்கத்து நிலத்தடி நன்னீர் ஊற்று. 'பேரூற்று' என்று அதற்குப் பெயரிட்டார்கள். நீரை இறைக்க வேண்டுமானால் சுரங்கத்துக்குள், நீருக்கடியில், திறந்தபடி விட்டு ஓடிவந்த ஓர் இரும்புக் கதவை முதலில் மூட வேண்டும். அலெக்சாண்டர் லாம்பர்ட் என்ற முக்குளிப்பவர், இருட்டில் முந்நூறு மீட்டருக்கு மேல் தனியாகச் சென்றார். காற்றுக்குழாய் இழுபட்டதால் முதல் முயற்சி தோற்றது. அப்போது புதிதாக வந்திருந்த, முதுகில் சுமக்கும் பிராணவாயுக் கருவியோடு மீண்டும் சென்று கதவை மூடினார். கூடவே ஒரு வால்வையும் மூடச் சொல்லியிருந்தார்கள். அவரும் திருகிவிட்டு வந்தார். நீர் எதிர்பார்த்த வேகத்தில் வற்றவில்லை. பிறகு பார்த்தால், அந்தத் திருகு இடப்பக்க மரை கொண்டது, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருகினால்தான் மூடும். முன்பே மூடியிருந்த வால்வை அவர் உயிரைப் பணயம் வைத்துத் திறந்துவிட்டு வந்திருக்கிறார்! தங்கள் துறையினர் இதைப் படித்துச் சிரிப்பார்களா, பெருமூச்சு விடுவார்களா என்று தெரியவில்லை. அந்த ஊற்று இன்றும் அடங்கவில்லை; நாள்தோறும் கோடிக்கணக்கான லிட்டர் நீரை இறைத்தால்தான் ரயில் ஓடும்.

சாலைக்கு 1966-இல் ஒரு தொங்குபாலமும் 1996-இல் மற்றொரு பாலமும் வந்தன. 2018 டிசம்பரில் கட்டணம் நீக்கப்பட்டது.

நாகர்கோவில் வாசகர்: இவ்வளவு ஏற்ற இறக்கம் இருக்கும்போது அதிலிருந்து மின்சாரம் எடுக்கலாமே?

எடுக்கலாம் என்று பல தலைமுறைகளாகத் திட்டம் போடுகிறார்கள். வேல்ஸ் கரையின் கார்டிஃபுக்கும் இங்கிலாந்துக் கரையின் வெஸ்டனுக்கும் இடையே அணை கட்டினால் பிரிட்டனின் மின்தேவையில் இருபதில் ஒரு பங்கு கிடைக்கும் என்று கணக்கிட்டார்கள். 2010-இல் அரசு அதைப் பெருஞ்செலவைச் சொல்லி ஒதுக்கிவிட்டது. அணை வந்தால் சேற்றுவெளி நீருக்குள் போகும்; குளிர்காலத்தில் அதை நம்பி வரும் பல்லாயிரம் கரைப்பறவைகளுக்கு இடம் இராது. கரையில் ஸ்லிம்பிரிட்ஜ் என்ற இடத்தில் பறவையியலாளர் பீட்டர் ஸ்காட் 1946-இல் தொடங்கிய நீர்ப்பறவைக் காப்பகம் இருக்கிறது. ஆர்க்டிக் பகுதியிலிருந்து பியூவிக் அன்னங்கள் அங்கே வந்து தங்குகின்றன. ஏற்ற இறக்கத்தை அணை அடக்கிவிட்டால் மேலே நான் வருணித்த அலையும் நின்றுபோகும். மாசற்ற மின்சாரம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் இந்த ஒன்றில் மறுத்தவர்கள் பக்கமே நிற்கிறேன்.

பென்னாகரம் வாசகர்: எங்கள் ஒகேனக்கல் பரிசல்போல அந்த ஆற்றிலும் உண்டு என்று ஒரு நண்பர் சொல்கிறார். நம்பலாமா?

தாராளமாக நம்பலாம். ஆங்கிலத்தில் அதற்குக் 'காரக்கிள்' என்று பெயர். வேல்ஸ் மொழியிலிருந்து வந்த சொல். தங்கள் பரிசல் வட்டம், மூங்கில் பின்னல், பலரை ஏற்றும். செவர்னின் பரிசல் நீள்வட்டம், ஆஷ் மரத்தை மெல்லிய கீற்றுகளாக வகிர்ந்து செய்த சட்டம், ஒருவர் உட்காரும் குறுக்குப் பலகை. இரண்டுக்கும் தொடக்கத்தில் மாட்டுத்தோலே போர்வை. அங்கே பிறகு தார் பூசிய துணி வந்தது. ஒற்றைத் துடுப்பு இரண்டுக்கும் பொது. அயர்ன்பிரிட்ஜில் மீன்தூண்டில் போடவும், பிறர் தோட்டத்து முயலை இரவில் பிடித்துவரவும், பாலத்துச் சுங்கக் கட்டணத்தைத் தவிர்க்கவும் அது பயன்பட்டது. அரச குடும்பத்துக்கும் விலக்கு இல்லை என்று பலகை எழுதி வைத்த பாலத்தின் நிழலிலேயே, முதுகில் பரிசலைக் கவிழ்த்துச் சுமந்து வந்தவன் காசு கொடுக்காமல் அக்கரை சேர்ந்திருக்கிறான். இப்போது அங்கே ஆகஸ்ட் மாத இறுதி விடுமுறை நாளில் பரிசல் போட்டி நடக்கிறது. பாதிப் பேர் கவிழ்கிறார்கள் என்றுதான் பார்க்கப் போகிறவர்களே போகிறார்கள்.